அச்சு மாறிய வண்டி



மோட்டார் வண்டியின் பெருமையைப் பேசுவோர் பெரும்பாலும் அதன் எஞ்சினைப் பற்றியே பேசுவர். எத்தனை குதிரைத் திறன், எத்தனை மைல் வேகம் என்று கேட்போர் பலர். வண்டியைத் தாங்கித் திருப்பும் முன் அச்சு எத்தகையது என்று கேட்போர் அரியர். எனினும், அவ்வண்டியில் ஏறி அமரும் குடும்பத்தின் உயிர் எஞ்சினைவிட அந்த அச்சையே பெரிதும் நம்பியிருக்கின்றது. இத்திங்கள் அதனைப் பற்றிச் சிறிது சிந்திப்போம்.

அமெரிக்க நாட்டில், சிறப்பாகக் கலிஃபோர்னியா மாநிலத்தில், பழைய வண்டிகளை வாங்கி அவற்றின் வேகத்தைக் கூட்டி ஓட்டும் வழக்கம் நெடுநாளாக உண்டு. அத்தகைய வண்டியை 'ஹாட் ராடு' என்பர். முராக், எல் மிராஜ் போன்ற வறண்ட ஏரிப் படுகைகளில் இளைஞர்கள் தங்கள் வண்டிகளை ஓடவிட்டு வேகத்தை அளந்தனர். 1937இல் அவர்தம் சங்கங்கள் ஒன்றுகூடிப் பொதுக் கழகம் ஒன்றை அமைத்தன. 1948இல் 'ஹாட் ராடு' என்ற பெயரிலேயே ஒரு திங்களிதழும் தோன்றிற்று. ஃபோர்டு நிறுவனத்தின் 'மாடல் டி' வண்டிக்கு இருந்த வலிமை 20 குதிரைத் திறனே. அதே நிறுவனம் 1932இல், 65 குதிரைத் திறன் உள்ள எட்டு சிலிண்டர் எஞ்சினை நடுத்தரக் குடும்பத்தாரும் வாங்கத்தக்க விலையில் தந்தபோது, இவ்விளைஞரின் ஆர்வம் கொழுந்துவிட்டு எரிந்தது.

ஆனால் எஞ்சின் வளர்ந்த வேகத்தில் அச்சு வளரவில்லை. சான்றாக, 1953 முதல் 1956 வரை வெளிவந்த ஃபோர்டு 'எஃப்-100' என்னும் சிறு பார வண்டியை நோக்குவோம். உருண்டு திரண்ட அதன் முகத்தோற்றத்துக்காக இன்றும் மக்கள் அதனைத் தேடி வாங்குகின்றனர். அதன் முன் அச்சோ ஒரே இரும்பு உத்தரம். அதன் இரு புறமும் ஸ்பிரிங் பட்டைகள். ஒரு சக்கரம் பள்ளத்தில் இறங்கினால், மறு சக்கரமும் சாய்ந்து கொடுக்க வேண்டும். பிரேக்குகள் நான்கும் டிரம் வகை. இறக்கத்தில் தொடர்ந்து மிதித்தால் சூடேறிப் பிடிமானம் குன்றும். பிரேக் எண்ணெய்க்கு இருந்ததும் ஒரே வழி. ஒரு குழாய் வெடித்தால் மிதிகட்டை தரையைத் தொடும், வண்டியோ நில்லாது ஓடும். பண்ணைச் சாலையில் மூட்டைகளைச் சுமந்து மெல்லச் செல்வதற்கு அது போதுமானதே. அதே வண்டியில் மும்மடங்கு வலிய எஞ்சினைப் பூட்டி, பக்கத்தில் பிள்ளைகளை அமர்த்தி, நெடுஞ்சாலையில் பறப்பதற்கு அது போதுமா?

போதாது என்று உணர்ந்தோர் புதுவகை முன் அச்சைப் பொருத்தத் தொடங்கினர். 1974 முதல் 1978 வரை வந்த 'மஸ்டாங் 2' காரின் முன்னமைப்பு நெடுங்காலம் இதற்குப் பயன்பட்டது. அண்மைக் காலத்தில், 2003 முதல் 2011 வரை வெளிவந்த ஃபோர்டு 'கிரவுன் விக்டோரியா' காரின் முன்னமைப்பைப் பலரும் நாடுகின்றனர். காவல் துறையிலும் வாடகைக் கார்த் தொழிலிலும் பெருமளவில் உழைத்த வண்டியாதலின், பழைய இரும்புக் கிடங்குகளில் எளிதாகக் கிடைக்கும். அதன் குறுக்குச் சட்டம் அலுமினியத்தாலானது. சக்கரங்கள் தனித்தனியே ஏறி இறங்கும். ஸ்டியரிங்கும் டிஸ்க் பிரேக்கும் அச்சட்டத்தோடு இணைந்தே வரும். போல்ட்டுகளைக் கழற்றி முழுமையாக எடுத்துவிடலாம்.

முழுமையாக எடுப்பதில் ஒரு நுட்பம் உண்டு. சக்கரம் மேலும் கீழும் செல்லும்போது அதனைத் தாங்கும் கைகள் ஒரு வளைவில் அசையும். ஸ்டியரிங் தண்டும் அதற்கு இசைந்த வளைவில் அசைய வேண்டும். இரண்டும் பொருந்தாவிடில், மேட்டில் ஏறும்போதெல்லாம் சக்கரம் ஓட்டுபவரைக் கேளாமலே திரும்பும். பொறியியலாளர் வகுத்த அமைப்பைக் கலைக்காமல் எடுத்தால் இந்த இடர் பெரும்பாலும் நீங்கும்.

இனி, வேலையை நோக்குவோம். எதையும் அறுப்பதற்கு முன் அளக்க வேண்டும். வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, முன் சக்கரத்தின் மையத்திலிருந்து தூக்குநூல் விட்டுத் தரையில் குறியிட வேண்டும். அவ்வண்டியின் இரு அச்சுகளுக்கும் இடைத்தூரம் 110 அங்குலம். அது மாறினால் சக்கரம் மட்கார்டின் நடுவே நில்லாது. பின்னரே பழைய அச்சைக் கழற்றி, சேஸிஸில் வேண்டிய பகுதியை அறுத்து, உட்புறம் தகடு பற்றவைத்து வலுவூட்டி, புதிய சட்டத்தைத் தாங்கும் இடங்களை அமைத்தல் வேண்டும். சட்டம் முன்பின் சாயாமல் அமர்வதும் இன்றியமையாதது. மிதிவண்டியின் முன் கவை சற்றே பின்னோக்கிச் சாய்ந்திருப்பதால் அன்றோ அது நேராக ஓடுகிறது? காருக்கும் அத்தகைய சாய்வு உண்டு. அது பிழைத்தால் வண்டி நிலைகொள்ளாது அலையும்.

ஒன்றை மாற்றினால் மற்றொன்றும் மாற வேண்டும். புதிய அச்சு அகலமானதாகையால், சக்கரங்கள் மட்கார்டுக்கு வெளியே துருத்தாதபடி, உள்வாங்கி அமையும் வட்டுகள் தேவை. பழைய சக்கரத்தின் ஐந்து போல்ட்டுகள் ஐந்தரை அங்குல வட்டத்தில் உள்ளன. புதியதிலோ நாலரை அங்குல வட்டத்தில். ஆகவே பின் அச்சையும் மாற்றாவிடில், ஒரே மாற்றுச் சக்கரம் முன்னும் பின்னும் பொருந்தாது. டிரம் பிரேக்குக்கென அமைந்த பழைய மாஸ்டர் சிலிண்டரும் டிஸ்க்குக்கு ஏற்றதன்று. அதன் இடத்தில் இரு வழி உள்ள புதியதைப் பொருத்த வேண்டும். அப்போது ஒரு வழி கெட்டாலும் மற்றது வண்டியை நிறுத்த உதவும்.

"முன்னோர் செய்த வண்டியை அறுக்கலாமா?" என்று வினவுவோரும் உளர். அவர்கள் வாதத்தைத் தள்ளிவிட இயலாது. அறுத்த சேஸிஸ் பழைய நிலைக்கு எளிதில் மீளாது. வேகம் வேண்டாதவர்க்கு வேறு வழியும் உண்டு: பழைய அச்சையே வைத்து, தேய்ந்த கிங் பின்களை மாற்றி, டிஸ்க் பிரேக்கும் இரு வழி மாஸ்டர் சிலிண்டரும் பொருத்திக் கொள்ளலாம். ஆனால் பெரிய எஞ்சினைப் பூட்டிவிட்டு, பழமையைப் போற்றுவதாகச் சொல்லிப் பழைய பிரேக்கை விட்டுவைப்பது பழமைக்குச் செய்யும் மரியாதை ஆகாது. ஓட்டுவதில் உள்ள ஆசை, நிறுத்துவதில் உள்ள கடமையை மறைத்துவிட்டது என்பதே பொருள்.

மற்றொன்றும் கூறி முடிப்போம். இவ்வண்டிகள் கண்காட்சியில் நிற்கும்போது மக்கள் வியப்பது அவற்றின் வண்ணத்தையும் பளபளப்பையுமே. அடியில் குனிந்து பற்றவைப்பைப் பார்ப்போர் மிகச் சிலர். அங்கே இரும்பு உருகி ஒன்றாய்க் கலந்ததா, அன்றி மேலோட்டமாய் ஒட்டி வண்ணத்தால் மூடப்பட்டதா என்பதைச் செய்தவர் ஒருவரே அறிவார். பின் ஒரு நாள் அவருடைய மனைவியும் மக்களும் அவ்வண்டியில் ஏறுவர்; அவர்கள் குனிந்து பார்ப்பதில்லை. தந்தை செய்தது என்பதே அவர்களுக்குப் போதும். அந்த நம்பிக்கைக்குத் தகுதியான வேலையைச் செய்வதே அச்சு மாற்றுவோரின் முதற்கடமை. தம் கைத்திறன் அதற்குப் போதாதென அறிந்தால், தேர்ந்த தொழிலாளரிடம் ஒப்படைப்பதில் இழுக்கு ஒன்றுமில்லை.