பகல் பார்க்காத நெல்

பாரம்பரிய நெல் பற்றி பேஸ்புக்கில் யாரும் ஒரு பதிவு போட்டால் போதும், கீழே ரெண்டு கட்சி பிரிஞ்சிரும். ஒரு கட்சி, 'பி.ஜி. நெல் வந்துதான் சனம் நோயாளியாச்சு, எல்லாம் கம்பனிக்காரன்ட வேலை' எண்டு சொல்லும். மற்றக் கட்சி, 'பழைய நெல்லை வெச்சு நாட்டுக்குச் சோறு போட ஏலுமா?' எண்டு கேட்கும். எங்களுக்கு ரெண்டு கட்சியிலயும் இடம் வேணாம்.

முதல் விசயம், பி.ஜி. எண்டது கம்பனி இல்லை. அது குருநாகல் மாவட்டத்துப் பத்தலகொட எண்ட ஊர்ப் பேர். 1952இல் அங்கே தொடங்கின அரசாங்க நெல் ஆராய்ச்சி நிலையத்தில் தெரிவான வகைகளுக்கு அந்த ஊரின் எழுத்தை வெச்சாங்க. ஏ.ரி. எண்டால் அம்பலாந்தோட்டை, எல்.டி. எண்டால் லபுதுவ, பி.டபிள்யூ. எண்டால் பொம்புவெல. அறுத்த நெல்லில் கொஞ்சத்தை எடுத்து வெச்சு அடுத்த போகத்துக்கு விதைக்கலாம், யாருக்கும் காசு கட்டத் தேவையில்லை. பொதுப்பணத்தில் உருவான பொதுச்சொத்து இது. இதைக் கம்பனி விதையோட சேர்த்துத் திட்டுறது அநியாயம்.

பேருக்குப் பின்னால வாற இலக்கத்தையும் கவனிக்கவேணும். 250 எண்டால் ரெண்டரை மாசம், 300 எண்டால் மூண்டு மாசம், 352 எண்டால் மூண்டரை மாசம். (94-1 மாதிரிப் பழைய பேர்கள் இந்தக் கணக்குக்குள்ள வராது.) பச்சைப்பெருமாள், மொட்டைக்கறுப்பன், வெள்ளை இளங்கலையன், முருங்கைக்காயன் எண்டு பழைய நெல்லுக்குப் பேர் வெச்சவங்க அதின்ட நிறத்தையும் உருவத்தையும் பார்த்தாங்க. புதிய நெல்லுக்குப் பேர் வெச்சவங்க வயசைப் பார்த்தாங்க. நடந்த மாற்றம் முழுக்க இந்தப் பேர்களுக்குள்ளயே இருக்கு.

பழைய நெல்லில், அதுவும் ஐந்து ஆறு மாசத்து நெல்லில், பலது பகலின் நீளத்தைப் பார்த்துத்தான் பூக்கும். மட்டக்களப்பில் ஆனி மாசப் பகலுக்கும் மார்கழிப் பகலுக்கும் வித்தியாசம் ஏறத்தாழ 50 நிமிசம்தான். எங்களுக்கு அது தெரியவே தெரியாது. நெல்லுக்குத் தெரியும். பகல் குறையுது எண்டு இலை கண்டுபிடிச்ச பிறகுதான் குடலை கட்டும், கதிர் பறியும். புரட்டாதியில் விதைச்சாலும் ஐப்பசி கடைசியில் விதைச்சாலும் வட்டை முழுக்க ஏறக்குறைய ஒண்டாப் பூத்து, வடகீழ் மழை ஓய்ஞ்ச பிறகு ஒண்டா விளையும். அதே நெல்லைச் சித்திரையில் விதைச்சுப் பாருங்க. பகல் நீண்டுகொண்டு போற காலம், அதால இலையாகவே வளர்ந்துகொண்டு நிற்கும். கதிருக்குக் காத்திருக்கிறதுக்குள்ள குளத்தில் தண்ணி முடிஞ்சிரும்.

படுவான்கரையில் உன்னிச்சை, உறுகாமம், நவகிரி குளங்களை நம்பி சிறுபோகம் செய்யிறவங்களுக்கு இது சின்ன விசயம் இல்லை. குளத்துத் தண்ணி இத்தனை நாளைக்குத்தான் வரும் எண்டு கூட்டம் வெச்சுத் தீர்மானிக்கிறாங்க. அந்த நாள் கணக்குக்குள்ள முடியிற நெல் வேணும். விதைச்ச நாளில இருந்து வயசை எண்ணி, பகலைப் பார்க்காமப் பூக்கிற நெல் வேணும். வருசத்தில் ரெண்டாம் தரமும் சோறு எண்டது அந்தக் குணத்தில இருந்து வந்தது. பழைய நெல் எல்லாம் நல்லது எண்டு பேசுற நாங்கள், கோடையில் வெறும் வயலைப் பார்த்துக்கொண்டு இருந்த குடும்பங்களையும் கொஞ்சம் நினைக்கவேணும்.

அந்தக் குணத்தை எப்பிடி ஒரு நெல்லில் நிலைக்க வைக்கிறது? நெல் தன் மகரந்தத்தைத் தானே எடுக்கிற பயிர். கலப்புச் செய்யிறதெண்டால் பூ விரிய முதல் உமியின் நுனியை வெட்டி, உள்ளே இருக்கிற ஆறு மகரந்தப் பைகளையும் எடுத்துப்போட்டு, வேற நெல்லின் மகரந்தத்தை உதிர்க்கவேணும். முதல் தலைமுறை எல்லாம் ஒரே மாதிரி நிற்கும். பெரும்பாலான கலப்புகளில் பகல் பார்க்கிற குணம்தான் மேலோங்கும், அதனால் முதல் தலைமுறையைப் பார்த்து ஏமாந்துவிடலாம். ரெண்டாம் தலைமுறையில்தான் வயல் உடையும். நெட்டை, குட்டை, முந்தினது, பிந்தினது எண்டு ஒண்டைப்போல ஒண்டு இருக்காது. அதுக்குள்ள பகல் பார்க்காததைத் தேடிப் பிடிச்சு, அதின்ட பிள்ளைகளைத் தனித்தனியா விதைச்சு, திரும்பவும் தெரியவேணும். கலந்த குணம் ஒவ்வொரு தலைமுறையிலும் பாதியாகும். ரெண்டாம் தலைமுறையில் 50 வீதம், மூண்டாம் தலைமுறையில் 25, எட்டாம் தலைமுறைக்கு வரேக்க 1 வீதத்துக்கும் குறைவு. வருசத்துக்கு ஒருக்காப் பூக்கிற நெல் எண்டால் இதுக்கு எட்டு வருசம். ரெண்டு போகமும் பூத்தால் நாலு வருசம்.

(கஞ்சாவிலயும் இதே கதைதான். பெரும்பாலான வகைகள் பகல் குறைஞ்சால்தான் பூக்கும். கோடை குறுகின ரஷ்யப் பக்கத்துச் செடி வயசைப் பார்த்துப் பூக்கும். அந்தக் குணத்தை மற்ற வகைகளில் ஏத்தித்தான் தானாப் பூக்கிற கஞ்சா விதைகள் வந்தது. அங்கயும் முதல் தலைமுறையில் குணம் ஒளிச்சிரும். ஆண் செடி வேற பெண் செடி வேற எண்டதால நிலைக்க வைக்கிறது நெல்லை விடக் கஷ்டம்.)

பழசையும் புதுசையும் எதிரி மாதிரிப் பேசுறவங்க 1958இல் வெளியான எச் 4 நெல்லின் தாய் தகப்பனைப் பார்க்கவேணும். ஒண்டு இந்தோனேசியாவின் மாஸ், மற்றது முருங்கைக்காயன் 302. அந்த 302 எண்டது, ஒரு வயல் முருங்கைக்காயனுக்குள்ள இருந்து நல்ல செடியாப் பார்த்துத் தனியா எடுத்து வளர்த்த வரிசையின் இலக்கம். கலப்புச் செய்யிறதுக்கு முதல் தெரிவு இருந்தது. அதுக்கும் முதல், தலைமுறை தலைமுறையா அறுவடைக்கு முன்னம் நல்ல கதிரைப் பார்த்து விதைக்கு ஒதுக்கின எங்கட மூத்த சனத்தின் கண் இருந்தது.

இப்ப அந்தக் கண் எங்க? இதுதான் எங்கட கவலை, நெல்லின் பேர் இல்லை. ஆராய்ச்சி நிலையம் தூய விதை தந்தாலும் அது வயலில் தூயதாகவே நிற்காது. அறுவடை மிசின் ஒரு வட்டை நெல்லை அடுத்த வட்டைக்குக் கொண்டுபோகும். பன்றி நெல் கதிர் பறியும்வரை நல்ல நெல் மாதிரியே நிண்டு, நாங்கள் வெட்ட முதல் உதிர்ந்து மண்ணுக்குள்ள படுத்துக் கிடக்கும். வீட்டில வெச்ச நெல்லையும் பக்கத்து வட்டையில வாங்கின நெல்லையும் விதைக்கிற இடத்தில், கலவனை இனங்கண்டு பிடுங்கத் தெரிஞ்ச ஆள் இல்லாட்டி மூண்டு நாலு போகத்தில் எந்த பி.ஜி.யும் பேரளவில்தான் பி.ஜி.

பகல் பார்க்காத நெல்லுக்கு ஒரு விலையும் இருக்கு, அதை மறைக்கத் தேவையில்லை. விதைச்ச நாளில இருந்து வயசை எண்ணுற நெல்லுக்கு வானம் எப்பிடி இருக்கு எண்டு தெரியாது. முந்தி விதைச்சவன்ட மூண்டரை மாசத்து நெல் தை மழைக்குள்ளயே பழுத்து நிற்கும். 2011 தை வெள்ளத்தில் கிழக்கில் எத்தனை வட்டை தண்ணிக்குள்ள போச்சு எண்டு எங்கட வீட்டுப் பெரியாக்களைக் கேளுங்க. பசளைக்குப் பதில் சொல்லத் தெரிஞ்ச நெல் பசளை இல்லாட்டி என்ன செய்யும் எண்டதை 2021இல் பார்த்தம்.

அப்ப என்ன வேணும்? தெரிவு இங்க நடக்கவேணும். வாவிக் கரையோரத்து வயல்களில் உப்பு ஏறுது. வெள்ளம் வடியட்டும் எண்டு முகத்துவாரம் வெட்டினால் கடல் தண்ணியும் உள்ள வரும். உப்பைத் தாங்குற நெல் எண்டு எங்களுக்குக் காட்டுறது ஏ.ரி. 354. அது கேரளத்துப் பொக்காளி நெல்லின் பிள்ளை, அம்பலாந்தோட்டையில் தெரிவானது. நல்ல நெல்தான். ஆனால் கொக்கட்டிச்சோலைப் பக்கத்து உப்புக்கும் மார்கழி வெள்ளத்துக்கும் சேர்த்துத் தெரிவான நெல் எண்டு ஒண்டை எங்கட வட்டையில் யாரும் சொல்லிக் கேட்டதில்லை. கலப்பில் உடைஞ்ச தலைமுறைகளை இங்கத்தை வயல்களிலயே ரெண்டு போகமும் விதைச்சு, விவசாயிகளும் பெண்களும் வயலுக்குள்ள இறங்கித் தெரிவுசெய்ய விடவேணும். கரடியனாற்றில் விவசாயப் பயிற்சி நிலையம் இருக்கு, பல்கலைக்கழகத்தில் விவசாய பீடம் இருக்கு. கன்னொறுவையில் 1988இல் இருந்து இயங்குற தாவர மரபுவள நிலையத்தில் பழைய நெல்கள் குளிரில் கிடக்கு. விதை அங்க பத்திரமா இருக்கும். எந்தச் செடியை விதைக்கு எடுக்கிறது எண்டு பார்க்கிற கண்ணை அப்பிடிக் குளிரில் வைக்க ஏலாது.

கலைப் பீடத்துப் பிள்ளைகளுக்கு இதில என்ன வேலை எண்டு கேட்பாங்க. நெல்லின் பேர், வட்டையின் பேர், எந்த மாசம் எந்தக் கிழமையில் கதிர் பறிஞ்சது, எந்தக் கதிரை விதைக்கு எடுப்பாங்க, ஏன் மற்றதை விட்டாங்க எண்டு கேட்டு எழுதுறது எங்கட வேலைதான். வாற பெரும்போகம் குடலை கட்டேக்க படுவான்கரைக்கு நோட்டுப் புத்தகத்தோட போக யோசிச்சிருக்கம். விவசாய பீடத்தில் இருந்து ரெண்டு பேர் வந்தாலும் நல்லம். கலவனையும் பன்றி நெல்லையும் பிரிச்சுச் சொல்ல எங்களுக்கு இன்னும் தெரியாது.