மடிக்கணினித் திரையொளியும் மாணாக்கரும்

2011ஆம் ஆண்டு செப்டம்பர் முதலாகத் தமிழ்நாட்டரசினர் மாணாக்கர்க்கு விலையின்றி வழங்கிய மடிக்கணினிகளில் இருவகை இயங்குதளங்கள் அமைந்திருந்தன. ஒன்று விண்டோஸ், மற்றொன்று, சென்னையிலுள்ள சி-டாக் நிறுவனத்தார் லினக்ஸை அடியாகக் கொண்டு ஆக்கிய பாஸ். தென்பெண்ணைக் கரையில், சர்க்கரை ஆலையாற் பெயர்பெற்ற மூங்கில்துறைப்பட்டு போன்ற ஊர்களிற் பல இல்லங்களுக்கு முதன்முதல் வந்த கணினி அதுவே. பெற்றவருள் யாமறிந்தார் பலர் பாஸைச் சின்னாளில் அழித்தொழித்தனர். காரணம் வினவின், "திரை வெளிச்சம் குறையவில்லை" என்பது போன்ற விடையே வரும். குறையொன்றன் பொருட்டு முழுவதையும் களைதல் முறையன்றென்பது எம் துணிபு.

குறைதானும் இகழத்தக்கதன்று. மின்கலத்தின் ஆற்றலை மிகுதியாக உண்பவற்றுள் திரையின் பின்விளக்கும் ஒன்று. 2012இல் நம் ஊர்ப்புறங்களில் நாடோறும் பல மணி நேரம் மின்சாரம் நின்ற காலத்து, அவ்விளக்கைத் தாழ்த்த வல்ல மாணாக்கன் சற்றுக் கூடுதலாகப் படித்திருப்பான்.

இனி, குறை யாண்டுளது? விசையை அழுத்தியும் ஒளி மாறாவிடின், திரையமைப்பிலுள்ள ஒளிக்கோலை நகர்த்திப் பார்க்க. அதற்கு ஒளி இணங்குமாயின் குறை விசையளவில் நின்றது. இணங்காவிடின், சிஸ் என்னும் அடைவினுள் கிளாஸ், அதனுள் பேக்லைட் எனப் புகுந்து நோக்குக. பழைய கருநிரல்களில் அங்கே இரு பெயர்கள் தோன்றுதல் உண்டு: கணினியின் நிலைபொருள் வழி வருவது ஏசிபிஐ வீடியோ, வரைகலைச் சில்லின் வழி வருவது இன்டெல் பேக்லைட். விளக்கொன்று, திருகு இரண்டு! பயனற்ற திருகை மேசைத்தளம் பற்றிக்கொள்ளின் எண் ஏறும், ஒளி ஏறாது. 2012இல் வெளிவந்த விண்டோஸ் 8 சில்லின் வழியையே மேற்கொண்டமையால், நிலைபொருளின் வழி பல கணினிகளிற் செப்பமின்றிக் கிடந்தது.

பரிகாரம் எளிது. கணினி எழும்போது கிரப் பட்டியலில் 'ஈ' விசையை அழுத்தி, கருநிரல் வரியின் இறுதியில் "ஏசிபிஐ_பேக்லைட்=நேட்டிவ்" என்பதனை ஆங்கில எழுத்திற் சேர்த்துத் துவக்குக. பயனில்லையேல் நேட்டிவ் என்னுமிடத்து வெண்டார் என்றோ வீடியோ என்றோ இட்டுப் பார்க்க. இம்மாற்றம் அவ்வொருமுறைக்கே உரியதாதலின் அஞ்சவேண்டுவதில்லை. பலித்ததனைப் பின்னர்க் கிரப்பின் அமைப்புக் கோப்பிற் பதியலாம். 2022 டிசம்பரில் வந்த 6.1ஆம் கருநிரல் ஒரு திரைக்கு ஒரு திருகே அமையுமாறு ஒழுங்குசெய்ததாகலின், புதிய கணினிகளில் இத்தொல்லை அருகியது.

எக்ஸ்ரேண்டர் என்னும் கட்டளையால் ஒளியைக் குறைக்குமாறு சிலர் உரைப்பர். அஃது எரியும் விளக்கின்மீது மெல்லிய துணி போர்த்துவதனை ஒக்கும். கண்ணுக்கு இதமேயன்றி எண்ணெய்ச் செலவு குறையாது.

நிற்க. பழுதின் இடத்தைப் படிப்படியே ஒதுக்கிக் காணும் இப்பயிற்சி இரசாயனச் சாலையில் உப்பினைப் பகுத்தறியும் பயிற்சிக்கு எவ்வாற்றானும் தாழ்ந்ததன்று. உள்ளமைப்பு வெளிப்படையாய்க் கிடக்கும் இயங்குதளத்திலன்றி அது கைகூடாது. அரசினர் வழங்கிய பழைய மடிக்கணினிகள் இன்றும் பல வீட்டுப் பரண்களிற் கிடக்கின்றன. அவற்றுள் நாலைந்தேனும் கொணர்ந்து, வாரத்தில் ஒரு மாலை நம் கணினிக்கூடத்திற் பழுதறியும் வகுப்பொன்று தொடங்குமாறு ஆசிரியப் பெருமக்களை வேண்டுகின்றோம். பழைய மாணவரும் தம்மிடமுள்ளவற்றை அனுப்பி உதவலாம்.