அந்தக் கையெழுத்து சம்மதம் அல்ல

மதிப்பிற்குரிய மாநகராட்சி ஆணையர் அவர்களுக்கு,

எங்கள் தெருவை உடைத்துச் சாலையும் வடிகாலும் புதிதாகக் கட்டுவது பற்றிக் குறைதீர் நாளில் கொடுத்த மனுவுக்கு ரசீது மட்டும் வந்தது. மண்டல அலுவலகத்தில் அதுவும் இல்லை. கவுன்சிலர் “என் கையில இல்லைங்க” என்றார். உதவிப் பொறியாளர் “எஸ்டிமேட் போட்டாச்சு சார், இனிமே ஒண்ணும் மாத்த முடியாது” என்றார். வேறு வழியில்லாமல்தான் ஊரறிய எழுதுகிறேன்.

பழைய சாலையைச் சுரண்டி எடுத்த பிறகே புதிதாகப் போட வேண்டும் என்று 2021-இல் அன்றைய தலைமைச் செயலாளர் இறையன்பு அனுப்பிய உத்தரவு உங்களுக்குத் தெரியும். வார்டு குழு, ஏரியா சபைக்கு 2022-இல் வந்த விதிகளும் தெரியும். அவற்றை விட்டுவிடுகிறேன். ஒரே ஒரு தாளைப் பற்றிப் பேச வேண்டும்.

ரேஷன் கடை வாசலில், வேலை நாளில், காலை பதினொரு மணிக்கு, கருத்துக்கேட்பு என்று ஒரு கூட்டம் நடந்தது. வேலைக்குப் போகிறவர்கள் எவரும் வர முடியாத நேரம். வந்தவர்கள் வயதானவர்களும், பருப்புக்கும் பாமாயிலுக்கும் வரிசையில் நின்ற பெண்களும்தான். வரைபடம் காட்டவில்லை. தெரு எவ்வளவு உயரும், வடிகால் எந்தப் பக்கம் போகும், எதற்கும் பதில் இல்லை. கோடு போட்ட நோட்டு ஒன்றை நீட்டி, “வந்ததுக்கு ஒரு கையெழுத்துப் போடுங்கம்மா” என்றார்கள். போட்டார்கள். என் எதிர்வீட்டுப் பாட்டி கைநாட்டு வைத்தார்.

தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் வாங்கிய கோப்பு நகலில் அதே பக்கம் இருக்கிறது. கையெழுத்துகள் கோட்டின்மேல் வரிசையாக இருக்கின்றன. அன்றைக்கு இல்லாத ஒரு வாசகம் மட்டும் மேல் ஓரத்தில், கோட்டுக்கு வெளியே, இடம் போதாமல் நெருக்கி எழுதப்பட்டிருக்கிறது: ‘மேற்படி பணிக்கு எங்களுக்கு ஆட்சேபணை ஏதும் இல்லை.’

ஐயா, இதற்குப் பெயர் கருத்துக்கேட்பா? எழுதப் படிக்கத் தெரியாத ஒரு மூதாட்டியின் கைநாட்டுக்கு மேலே, அவர் சொல்லாததை எழுதிச் சேர்த்திருக்கிறார்கள். அதை நம்பி உங்கள் அலுவலகம் வேலை உத்தரவு கொடுத்திருக்கிறது.

அந்தப் பாட்டியின் வீட்டை ஒருமுறை வந்து பாருங்கள். மூன்று படி ஏறிப் போன வீடு அது. ஒவ்வொரு தடவை தார் போட்டபோதும் ஒரு படி காணாமல் போனது. இப்போது தெருவிலிருந்து இறங்கித்தான் உள்ளே போக வேண்டும். ஐப்பசி பிறந்தால் வாசலில் மணல் மூட்டை அடுக்குகிறார்கள். இன்றைக்குக் கம்பி கட்டி நிற்கிற புது வடிகாலின் மேல்மட்டமோ அவர் ஜன்னலின் அடிக்கட்டையைத் தொடுகிறது. தெருத் தண்ணீர் காலங்காலமாக வடக்கு முனைச் சிறுபாலத்துக்குத்தான் ஓடும். வடிகாலைத் தெற்கே சரித்திருக்கிறீர்கள். தெற்கே அது எதிலும் போய்ச் சேரவில்லை, முட்டுச்சுவரில் நிற்கிறது. கேட்டிருந்தால் இதை எங்கள் தெருவில் சின்னப் பிள்ளைகூடச் சொல்லியிருக்கும்.

2022-இல் வேலூரில் தெருவில் நின்ற மோட்டார் சைக்கிளை நகர்த்தாமல், சக்கரம் புதையச் சிமென்ட் சாலை போட்டார்கள். அந்தப் படத்தைப் பார்க்காதவர் இல்லை. பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டி “வண்டி யாருது?” என்று கேட்டிருந்தால் முடிந்திருக்கும். அங்கே புதைந்தது வண்டி. இங்கே ஆட்கள் குடியிருக்கிற வீடு.

கேட்பதற்கு உங்கள் ஆட்களுக்கு என்ன தடை? வரி பாக்கிக்கு வீடு வீடாக வரத் தெரிகிறதே! தெரு நன்றாக வேண்டும் என்று உங்களைவிட அதிகம் ஆசைப்படுகிறவர்கள் நாங்கள். நாளைக்கு அந்தச் சாக்கடையோடு வாழப் போகிறவர்களும் நாங்கள்தான். ஒப்பந்ததாரர் பில் வாங்கிக்கொண்டு போய்விடுவார், நீங்களும் மாற்றலாகிப் போவீர்கள்.

கான்கிரீட் லாரி வருவதற்குள் வேலையை நிறுத்துங்கள். வரைபடத்தைத் தெருமுனையில் ஒட்டுங்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, எல்லோரும் வீட்டில் இருக்கிற நேரத்தில், மட்டம் பார்க்கும் கருவியோடு வாருங்கள். அந்தத் தாளையும் கொண்டு வாருங்கள். மேல் ஓரத்து வரியை எழுதியது யார் என்று எங்கள் முன்னால் சொல்லுங்கள். பிறகு அந்தப் பாட்டியிடம், சம்மதமா என்று நீங்களே கேளுங்கள். அவர் சொல்லும் பதிலை, அவர் சொன்னபடியே கோப்பில் எழுத வையுங்கள்.

இப்படிக்கு,
தெருவாசி ஒருவன்