வேப்பம் பிண்ணாக்கும் பயிர்க்கடனும்

நண்பகலில் வாடி மாலையில் நிமிரும் கத்தரிச் செடியைக் கண்டால், நம் அங்கத்தினரில் பலர் நீர் போதவில்லையென்று மடையைத் திறக்கின்றனர். பின்னர் உரம் போதவில்லையென்று யூரியாவைக் கடனாகப் பெறுகின்றனர். செடியைத் தோண்டி வேரைப் பார்ப்போர் சிலரே. வேர் முழுதும் முடிச்சு முடிச்சாகப் புடைத்திருப்பின், அது வேர்முடிச்சு நூற்புழுவின் வேலையாகும். அவரை இனங்களின் வேரிலுள்ள நன்மை தரும் முண்டுகளை இதனுடன் குழப்பிக்கொள்ளலாகாது. அவை விரலால் உருட்டினால் உதிரும்; இதுவோ வேரே வீங்கிய வீக்கம்.

பெண் புழு ஒன்று சில நூறு முட்டைகளிடும். வெப்பமான நம் மண்ணில் ஏறக்குறைய ஒரு மாதத்தில் ஒரு தலைமுறை முடிந்துவிடும். தக்காளி, கத்தரி, வெண்டையை மாற்றி மாற்றி நடுவதைப் பயிர்ச் சுழற்சியென்று கூறுவாருளர். புழுவுக்கு அவை மூன்றும் ஒரே விருந்துதான். நெசவாளர் இதை உழவர் தொல்லையென ஒதுக்கவும் இயலாது. மல்பெரி வேரையும் இப்புழு பற்றுகிறது.

மருந்துகள் இல்லாமலில்லை. நெமகான் என்ற பெயரில் டி.பி.சி.பி. ஒரு காலத்தில் பல நாடுகளில் மண்ணிலிடப்பட்டது. 1977-இல், கலிபோர்னியாவில் அதைத் தயாரித்த ஆலையின் தொழிலாளர் பலர் மலட்டுத்தன்மை அடைந்தது வெளிப்பட்டது. பிற்பாடு நம் நாடும் அதைத் தடை செய்தது.

வேப்பம் பிண்ணாக்கில் அத்தகைய அச்சமில்லை. அதன் கசப்புப் பொருள்கள் புழுவுக்கு ஆகா. அது மட்கும்போது வெளிப்படும் அம்மோனியாவும் ஆகாது. அதை உண்டு பெருகும் பூஞ்சைகளுட் சில புழுவின் முட்டைகளையே அழிக்கும். எக்டேருக்கு 250 கிலோ, அதாவது சென்டுக்கு 1 கிலோ, வழக்கமாகப் பரிந்துரைக்கப்படும் அளவு. நடவுக்கு இரண்டு மூன்று வாரம் முன்னரே ஈரமண்ணில் கலக்க வேண்டும்; காய்ந்த மண்ணில் அது மட்காது. புழுவை அது அடியோடு ஒழிக்குமென்று நாம் சொல்லவில்லை. எண்ணிக்கை குறையும், இளவேர் ஊன்ற அவகாசம் கிட்டும்.

தணிக்கைக்குச் செல்லுமிடங்களில் சங்கக் கிடங்கில் யூரியா மூட்டைகளையே பெரிதும் காண்கிறோம். பிண்ணாக்கு பூசணம் பிடிக்கும், கலப்படம் மிகுதி என்பது செயலாளர்கள் சொல்லும் காரணம். கலப்படம் உண்மையே, ஆயினும் அதுவே சங்கம் வாங்க வேண்டியதற்குக் காரணமன்றோ? பத்துக் கிலோ வாங்கும் தனியாள் வணிகரைக் கேள்வி கேட்க இயலாது. பத்து டன் வாங்கும் சங்கம் மாதிரியைச் சோதனைக்கு அனுப்பிய பின் பணம் தரலாம். தேவையை முன்னரே கணக்கிட்டு ஆலையிலிருந்து நேரே வயலுக்கு அனுப்பினால், பூசணம் பிடிக்கவும் நாளிராது.

ஆகவே, பயிர்க்கடனில் பொருளாக வழங்கும் பகுதியில் பிண்ணாக்கையும் சேர்க்குமாறு நிர்வாகக் குழுக்களைக் கேட்டுக்கொள்கிறோம். ஆடிப்பட்டத்துக்கான தேவைப்பட்டியலை வைகாசியிலேயே திரட்டிவிடலாம். முதலாண்டில் எல்லோருக்கும் போதாதெனில், நாற்றங்காலுக்கு முதலிடம் தருக. புழு பெரும்பாலும் நாற்றின் வேரோடுதான் புதிய தோட்டத்துக்குப் போகிறது.