வெடிக்குள் ஒரு கணக்கு

தீபாவளிக்கு வாங்கிய சணல் சுற்றிய அணுகுண்டு வெடி ஒன்றைக் கையில் எடுத்துப் பாருங்கள். அதன் சத்தம் எங்கிருந்து வருகிறது? "மருந்திலிருந்துதான்" என்பீர்கள். அது பாதிதான் சரி. மருந்தை அடக்கி வைக்கும் கூடு இல்லாவிட்டால் அவ்வளவு முழக்கம் ஏது?

சிவகாசி வட்டாரத்தில் காகிதத்துக்குப் பசை தடவிக் குழாயாகச் சுருட்டும் பெண்கள் பலர். ஒற்றைக் காகிதத்தைக் குழந்தைகூடக் கிழித்துவிடும். பத்துச் சுற்று ஒட்டிக் காய்ந்துவிட்டாலோ, கட்டை மாதிரி ஆகிவிடுகிறது!

உள்ளே வாயு பொங்கும்போது குழாயின் சுவரை வட்டவாக்கில் இழுக்கும் விசை, நீளவாக்கில் இழுப்பதைப்போல் இரண்டு மடங்கு. அழுத்தத்தை ஆரத்தால் பெருக்கிச் சுவரின் கனத்தால் வகுத்தால் அந்த வட்ட இழுப்பு கிடைத்துவிடும்.

"இவ்வளவுதானா?" என்று கேட்காதீர்கள். பலூன் ஊதியிருக்கிறீர்கள் அல்லவா? முதல் மூச்சுக்குக் கன்னம் வலிக்கிறது. கொஞ்சம் பெருத்ததும் சுலபமாகிவிடுகிறது. பெருக்கப் பெருக்க ஆரம் கூடுகிறது, சுவர் மெலிகிறது. ஆகவே ஒவ்வொரு கட்டத்திலும் கணக்கைப் புதிதாகப் போட வேண்டும். ரப்பருக்கு இந்தக் கணக்கை 1940-களில் வகுத்துக் காட்டியவர்களில் முக்கியமானவர் ரொனால்ட் ரிவ்லின் என்ற விஞ்ஞானி.

நூலும் பசையும் சேர்ந்த அடுக்கு என்றால் திசையையும் பார்க்க வேண்டும். ரவிக்கைத் துணியை நூல்வாக்கில் இழுத்தால் கொடுக்காது. கிராஸாக இழுத்தால் நீளும். நூலா நீள்கிறது? இல்லை, திரும்புகிறது. பின்னல் நூல் வைத்த தண்ணீர்க் குழாயும் அப்படித்தான். அழுத்தம் ஏறினால், நூல்கள் நீளவாக்கிலிருந்து ஏறக்குறைய 55 பாகைச் சாய்வுக்கு வரும்வரை குழாய் பருக்கவோ நீளவோ பார்க்கும்.

இந்தச் சுற்று வேலை ஆகாயத்துக்கும் போயிருக்கிறது. நமது பி.எஸ்.எல்.வி. ராக்கெட்டின் மூன்றாம் கட்டத்துக் கூடு உலோகமல்ல. பிசினோடு சேர்த்துச் சுற்றிய செயற்கை நார்!

ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். ஈரம் பட்டுப் பசை இளகினால் அடுக்குகள் பிரிந்துவிடும். பிரிந்த பத்துச் சுற்று ஒட்டிய பத்துச் சுற்றுக்கு ஈடாகாது. அது எந்தப் பக்கம், எப்போது கிழியும் என்று யாரால் சொல்ல முடியும்? வெடிக்காத வெடியைக் குனிந்து பார்க்கவோ, பிரித்து மருந்தைக் கொட்டவோ குழந்தைகளை விடாதீர்கள். சற்றுப் பொறுத்து, எட்ட நின்று ஒரு வாளித் தண்ணீரை அதன்மேல் கொட்டிவிடுங்கள்.