ஊதோன் செதுக்கிய கண்கள்

நவசெவ்வியல் சிற்பம் என்றவுடன் நம் மனத்தில் எழுவது வெண்பளிங்கில் குளிர்ந்து நிற்கும் ஒரு தெய்வ உரு. முகத்தில் சுருக்கமில்லை, விழியில் மணியில்லை. இத்தாலியரான கனோவாவின் சிலைகள் இவ்விலக்கணத்துக்கு நன்கு இயைவன. அதே வரிசையில் பிரெஞ்சுச் சிற்பி ழான்-அந்துவான் ஊதோனையும் (1741–1828) கலைவரலாற்று நூல்கள் நிறுத்தியுள்ளன. (ஆங்கில வழியில் 'ஹௌடன்' என்றெழுதுவாரும் உளர், பிரெஞ்சில் அம்முதலெழுத்துக்கு ஒலியில்லை.) அவ்வரிசையில் அவர் பாதியே பொருந்துகிறார் என்பது நம் கருத்து.

வெர்சாயில் பிறந்த ஊதோன் 1761இல் ரோம் பரிசு வென்று, பின்னர் அந்நகரில் சில ஆண்டுகள் பயின்றார். பழஞ்சிலைகளை அவர் கற்றது உண்மையே. ஆயின் அங்கு அவருக்குப் பெயர் தந்த ஆக்கங்களுள் ஒன்று, தோலுரித்த மனித உடலின் தசைகளைக் காட்டும் 1767ஆம் ஆண்டு உருவம். கலைப்பள்ளி மாணவர்க்கு அதன் சுதைப்படிகள் நெடுங்காலம் பாடமாயின. இலட்சிய உடலைத் தேடிச் சென்ற இடத்தில் மெய்யுடலைக் கண்டவர் அவர்.

1785இல் வாஷிங்டனைச் செதுக்குவதற்காக அட்லாண்டிக்கைக் கடந்து மவுண்ட் வெர்னனுக்கே சென்றார். உரோமானிய அங்கி அணிவிப்பதா, சமகால உடையா என்ற வினா எழுந்தபோது, சமகால உடையையே வாஷிங்டன் விரும்பினார். ரிச்மண்டில் நிற்கும் சிலையில் அவர் தம் காலத்துப் படைத்தலைவராகவே காட்சி தருகிறார். அருகில் ஓர் ஏரும் உண்டு.

வொல்தேர் சிலையில் நேர்மாறு. பிகால் என்ற சிற்பி 1776இல் அம்முதியவரை ஆடையின்றிச் செதுக்கி நகைப்புக்கு ஆளானார். ஊதோனோ பழங்கால அங்கியைப் போர்த்தி, நாற்காலியில் அமர்த்தினார். அங்கி செவ்வியல்; முகமோ 83 வயதுக் கிழவருடையது. பல்லற்ற வாய், குறும்புச் சிரிப்பு. 1778இல், இறப்பதற்குச் சில வாரங்கள் முன்புதான் வொல்தேர் ஊதோன்முன் அமர்ந்தார். 1781இல் முடிந்த அப்பளிங்குச் சிலை பாரிசின் கொமெதி பிரான்சேஸ் அரங்குக்கு உரியது.

அம்முகத்தின் உயிர் கண்ணில் உள்ளது. கருவிழியை ஆழக் குடைந்து, அதில் ஒரு சிறு துணுக்கை மட்டும் வெட்டாமல் விடுவார் ஊதோன். குழியில் நிழல் தேங்கும். துணுக்கில் ஒளி படும்.

முகத்தில் சுதை அப்பி அச்செடுத்தவருக்கு இத்துணைப் புகழா எனச் சிலர் வினவக்கூடும். அவர் அச்செடுத்தது உண்மை, அளவுகோலும் பயன்படுத்தினார். நாம் சுட்டுவது ஒன்றே. 1778 ஜூலையில் ரூசோ மறைந்ததும், எர்மெனோன்வில் சென்று அம்முகத்தை அச்செடுத்தார் ஊதோன். பிணத்தின் முகம்; விழிகள் மூடியிருந்தன. அதைக் கொண்டு அவர் ஆக்கிய மார்பளவுச் சிலைகளில் ரூசோ கண்திறந்து நம்மை நோக்குகிறார். அந்நோக்கு எந்த அச்சிலும் இல்லை.