தவறான மாற்றியின் மீது நமக்கு ஏன் இத்தனை காதல்?

போர்ட் பிளேரில் நான் குடியிருக்கும் வாடகை வீட்டில், மடிக்கணினிக்கும் ஒலிபெருக்கிக்கும் இடையே உள்ளங்கையளவு பெட்டி ஒன்று உள்ளது. கோப்பிலுள்ள எண்களை மின்னலையாக்கித் தரும் எண்ணிம–ஒப்புமை மாற்றி அது, டி.ஏ.சி. என்றால் பலருக்கும் விளங்கும். அதைத் திறந்து, என்.இ.5532 என்னும் பெருக்கிச் சில்லைக் கழற்றி ஓ.பி.ஏ.2134 சில்லைப் பொருத்தினேன். ஒலி தெளிந்துவிட்டதாக ஒரு வாரம் நம்பவும் செய்தேன். பின்னர் நண்பரொருவர், மாற்றம் செய்யாத அதே வகைப் பெட்டியை அருகில் வைத்து, ஒலியளவைச் சமப்படுத்தி, எது ஒலிக்கிறதென்று சொல்லாமல் கேட்கச் செய்தார். என் விடைகள் நாணயம் சுண்டிப் பார்ப்பதைவிட மேலானவையாக இல்லை.

உண்மையில் பயன் தந்தவை இரண்டு. ஓயாத இரைச்சல், மடிக்கணினியின் மின்னேற்றியைப் பிடுங்கியதும் நின்றது. கோளாறு நில இணைப்பில் இருந்தது. கரகரப்பு, உப்புக்காற்றில் பச்சை பூத்த இணைப்பு முனைகளை ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடைத்ததும் அகன்றது. இரண்டுக்கும் ஏறத்தாழச் செலவே இல்லை.

உதவித்தொகையைச் சேமித்து 192 கிலோஹெர்ட்ஸ் மாற்றி வாங்கும் ஆய்வு மாணவர்களிடம் கேட்கிறேன்: எந்தச் செவிக்காக? 44.1 கிலோஹெர்ட்ஸ் மாதிரியெடுப்பு 22.05 கிலோஹெர்ட்ஸ் வரையிலான அலைகளை ஏந்தும். மனிதச் செவியின் எல்லை சுமார் 20. பதினாறு பிட் தரும் வீச்சு ஏறத்தாழ 96 டெசிபெல். மின்விசிறி சுழலும் அறையில் அதுவே மிகை. மேயரும் மோரனும் 2007இல் வெளியிட்ட ஆய்வில், உயர்தர ஒலிக்கும் குறுந்தகட்டுத் தரத்துக்கும் இடையிலான வேறுபாட்டை 554 முயற்சிகளில் 276 முறையே கேட்போர் சரியாகக் கண்டனர். ஜோஷுவா ரைஸ் 2016இல் பல ஆய்வுகளைத் தொகுத்துக் கண்ட சராசரியும் 52.3 விழுக்காடுதான். வேறுபாடு அறவே இல்லை என்று நான் வாதிடவில்லை. நம் மாதச் செலவை விழுங்கும் தகுதி அதற்கில்லை என்கிறேன்.

"அப்படியானால் ஆவணக் காப்பகங்கள் 24 பிட் கேட்பது ஏன்?" என்பர். நியாயமான வினா. பன்னாட்டு ஒலி–ஒளி ஆவணக் காப்பகச் சங்கத்தின் டி.சி.–04 வழிகாட்டி, ஒப்புமைப் பதிவுகளை எண்ணிமமாக்கக் குறைந்தது 48 கிலோஹெர்ட்ஸும் 24 பிட்டும் வேண்டுமென்கிறது. ஆனால் அது கூறுவது எதிர்த்திசை மாற்றியை, அதாவது ஒலியை எண்ணாக்கும் கருவியை. களத்தில் எதிரே அமர்ந்திருக்கும் மூதாட்டி அடுத்த நொடி முணுமுணுப்பாரா, வாய்விட்டுச் சிரிப்பாரா என்பதை யாரும் அறியார். அந்த நிச்சயமின்மைக்கு இடம் தருவதற்கே கூடுதல் பிட்கள் வேண்டும். பதிவில் உச்சி வெட்டுண்ட அலையை, எத்துணை விலையுயர்ந்த டி.ஏ.சி.யும் மீட்டுத் தராது.

இதை நான் அந்தமானிலிருந்து எழுதுவது தற்செயலன்று. போ மொழியின் கடைசிப் பேச்சாளரான போவா சீனியர் 2010 ஜனவரியில் மறைந்தார். அன்விதா அப்பி அவரைப் பதிவு செய்திராவிடில், அம்மொழி எப்படி ஒலித்தது என்பதை இன்று நாம் கேட்டறிய வழியே இராது. அத்தகைய பதிவுக்கு மறுவாய்ப்புக் கிடையாது. நாமோ களத்தில் கைபேசியின் சுருக்கப்பட்ட கோப்பில் பதிகிறோம். அதை வாட்ஸ்அப்பில் மீண்டும் சுருக்கி வழிகாட்டிக்கு அனுப்புகிறோம். வீடு திரும்பி, அதே கோப்பை உயர்தர மாற்றியில் கேட்டு மகிழ்கிறோம். செயற்கைக்கோளை மட்டுமே நம்பியிருந்த காலத்தில் இணைய வேகத்தைக் காரணம் காட்டினோம். 2020 ஆகஸ்ட் 10 அன்று சென்னை–போர்ட் பிளேர் கடலடி வடம் தொடங்கப்பட்டபின், அந்தச் சாக்கும் வலுவிழந்தது.

என் கோரிக்கை எளியது. மொழிக் கள ஆய்வேடு ஒவ்வொன்றிலும் பதிவுக் கருவி, ஒலிவாங்கி, மாதிரி வீதம், பிட் ஆழம் ஆகியவை குறிக்கப்பட வேண்டும். சுருக்கப்படாத மூலக் கோப்பு காப்பகத்தில் சேர வேண்டும். பெட்டிக்கென ஒதுக்கிய பணம் நல்ல ஒலிவாங்கிக்குப் போகட்டும்.

சில்லை மாற்றியதால் ஒலி மாறியது என்போரை வரவேற்கிறேன். மறைத்துச் செய்த சோதனையின் முடிவுகளோடு வாருங்கள். நான் தவறென்றால் இப்பதிவைத் திருத்துவேன்.